நிறுத்துவதற்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மனநல மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மருந்தாளுநர். தாலுகா ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதும் சீட்டு கடைசியில் வந்து நிற்கும் இடம் எங்கள் மேசைதான். உங்கள் அறையில் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் சனங்கள் எங்களிடம் கேட்பார்கள். "இது எதுக்குண்ணே?" "எத்தனை நாளைக்குப் போடணும்?" "இதப் போட்டா தூக்கம் வருமா, பழகிப்போயிருமா?"

மனச்சோர்வுக்கு என்று வரும் சீட்டுகளில் பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம் இருக்கும். பல சீட்டுகளில் அதோடு, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற குளோனசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஏன் கொடுத்தார்கள் என்று நான் விளக்கத் தேவையே இருக்காது. வாங்க வந்தவரே சொல்லிவிடுவார்: "மூளையில ஏதோ கெமிக்கல் கம்மியா இருக்காம். சுகர், பிரஷர் மாதிரிதானாம். விடாமப் போடணுமாம்." அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரும் இதைத்தான் சொல்கிறார், மதுரையில் ஆயிரம் ரூபாய் கட்டணம் கொடுத்துப் பார்த்து வந்தவரும் இதைத்தான் சொல்கிறார். இந்த மூன்று வாக்கியங்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

அதற்கு முன், இது பொதுவில் வரும் மடல் என்பதால் நோயாளிகளும் படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஏன் கூடாது என்பதற்கான காரணமும் கீழே வருகிறது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். மாத்திரையால் எழுந்து நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். சாப்பிடாமல், குளிக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்த ஒருவர் இரண்டு மாதம் கழித்துத் தானே வந்து அட்டை வாங்கிப் போனார். மருந்தே வேண்டாம் என்று சொல்ல வந்தவன் இல்லை நான். மருந்து விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். மூளையில் கெமிக்கல் குறைச்சல் என்பதை யார், எங்கே, எப்படி அளந்தார்கள்?

இந்தக் கதை தொடங்கும் இடம் ஒரு காசநோய் மருத்துவமனை. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனையில் ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் கலகலப்பானார்கள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களைச் சிதைக்கிற ஒரு நொதியை அந்த மருந்து தடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. கதையின் மறுபாதி நம் நாட்டு மண்ணிலிருந்து போனது. சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் உலகமெங்கும் பிரஷர் மாத்திரையானது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்து போனார்கள் என்று குறிப்புகள் வந்தன. செரட்டோனின் போன்ற அந்தச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை ரெசர்பின் மூளையில் வற்றச் செய்கிறது என்றும் கண்டார்கள். கூட்டினால் உற்சாகம், குறைத்தால் சோர்வு. ஆகவே சோர்வு என்றாலே குறைச்சல்தான். கணக்கு முடிந்தது.

முடியவில்லை. அதே ரெசர்பினை 1955இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ரெசர்பின் சாப்பிட்டவர்கள் தேறினார்கள். லான்செட் மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு அது. மூளையில் செரட்டோனினை வற்றச் செய்கிற மருந்து சோர்வைக் குறைத்திருக்கிறது! கணக்குக்கு ஒத்துவராத விடை என்பதாலோ என்னவோ, அதை அதிகம் பேர் பேசவில்லை. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் என்ற அமெரிக்க மருத்துவர், நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் பக்கமிருந்து இந்தக் கருதுகோளை முறையாக எழுதினார். ஒரு சிக்கலான நிலையை மிகவும் எளிமைப்படுத்திச் சொல்வதாகவே இதைக் கொள்ளலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே ஒத்துக்கொள்ளவும் செய்தார். 1967இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரட்டோனினை நடுவே கொண்டுவந்து வைத்தார். இருபது ஆண்டு கழித்து, 1987இன் கடைசியில், அமெரிக்காவில், செரட்டோனினைக் கூட்டுகிற ஃபுளுவாக்ஸெட்டின் என்ற சோர்வு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை ஆய்வேடுகளில் 'இருக்கலாம்' என்று நின்ற கருதுகோள் விளம்பரத்தில் 'இருக்கிறது' ஆனது. விளம்பரம் சொல்வதற்கும் ஆய்வேடுகள் சொல்வதற்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று லக்காஸ், லியோ என்ற இருவர் 2005இலேயே எழுதிக் காட்டினார்கள்.

நம் நாட்டில் டாக்டர் சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்துக்குப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய முடியாது. அப்படியும் அந்த வாக்கியம் கம்பம், போடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எந்த வழியாக வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். மருந்துக் கம்பெனி ரெப்புகள் கொண்டுவரும் வழவழப்பான படங்களை நானும் பார்க்கிறேன். இரண்டு நரம்பு முனைகள், நடுவே சிதறிய புள்ளிகள். இடப்பக்கம் புள்ளி கொஞ்சம், அழுமுகம். வலப்பக்கம் புள்ளி நிறைய, சிரித்த முகம்.

2022 ஜூலையில் ஜோஆனா மான்கிரீஃப், மார்க் ஹோரோவிட்ஸ் ஆகியோர் மாலிகுலர் சைக்கியாட்ரி ஏட்டில் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் செரட்டோனின் அளவு, நரம்பில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள், அதைக் கடத்தும் புரதம், அதற்கான மரபணு, உணவின் வழியாகச் செரட்டோனினைக் குறைத்துப் பார்த்த சோதனைகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். சோர்வுள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைவு என்று உறுதியாகச் சொல்லச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டே முப்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். ஆய்வுமுறையில் ஓட்டை, செரட்டோனினுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார்கள். அதையும் படித்தேன். 'செரட்டோனினுக்கு ஏதோ பங்கு இருக்கலாம்' என்பதற்கும் 'உங்களுக்குச் செரட்டோனின் குறைவு' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்களில் சிலர் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும்: "நாங்கள் அப்படிச் சொன்னதே இல்லை. படித்த எந்த மனநல மருத்துவரும் அதை நம்பியதில்லை." அமெரிக்க மனநல மருத்துவர் ரொனால்டு பைஸ் 2011இல் ஏறக்குறைய இதையேதான் எழுதினார், அது வெறும் ஊர்ப்பேச்சுக் கட்டுக்கதை என்று. அப்படியானால் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றுபோலக் கனவு கண்டுவிட்டு வருகிறார்களா? நம்பாத ஒன்றை நோயாளியிடம் சொல்வது, நம்பிச் சொல்வதைவிட மோசம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொரு பதிலும் வரும்: "பாராசிட்டமால் எப்படி வேலை செய்கிறது என்றுகூட முழுதாகத் தெரியாது. காய்ச்சல் குறைகிறதா இல்லையா?" சரிதான். ஆனால் பாராசிட்டமாலை யாரும் வருடக்கணக்கில் எழுதுவதில்லை. உன் உடம்பிலேயே பிறவிக் குறை ஒன்று இருக்கிறது என்று சொல்லி யாரும் அதைக் கொடுப்பதுமில்லை.

சுகர் மாதிரி என்ற இரண்டாவது வாக்கியத்துக்கு அதிகம் பேசத் தேவையில்லை. சுகர்காரர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து ஓர் எண்ணோடு வருவார். மூன்று மாத சராசரி எண்ணும் உண்டு. எண் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பீர்கள், ஏறினால் கூட்டுவீர்கள். செரட்டோனின் எண்ணோடு என் கடைக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. வர முடியாது, அப்படி ஒரு பரிசோதனை உங்களிடமே இல்லை. கேள்வித்தாளில் கட்டம் நிரப்பிக் கூட்டிப் பார்ப்பதுதான் இருக்கிறது. மாத்திரையைச் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே நரம்பு முனைகளில் செரட்டோனின் கூடத் தொடங்கிவிடுகிறது. மனது தேறத் தொடங்க வாரங்கள் ஆகின்றன. குறைச்சல்தான் நோய் என்றால் நிரப்பிய பிறகும் ஏன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? இதற்கு விளக்கங்கள் பல வந்திருக்கின்றன, ஏற்பிகள் மாறுகின்றன, நரம்பிணைப்புகள் வளர்கின்றன என்று. எல்லாமே சுவையானவைதான். அவற்றில் ஒன்றுகூட 'சுகர் மாதிரி' என்பதில் அடங்காது.

மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 2018இல் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 ஆய்வுகளை, 1,16,477 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றது. எவ்வளவு மேல் என்பதில்தான் விஷயம். 2008இல் இர்விங் கிர்ஷ் என்ற ஆய்வாளர் கணக்கிட்டபோது, சோர்வை மதிப்பெண் போட்டு அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் வித்தியாசம் 1.8 மதிப்பெண். அந்த அளவுகோலின் உச்சம் 52. தூக்கம் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே அதில் 6 மதிப்பெண் உண்டு. 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இருந்த 73,388 பேரின் தரவுகளை ஆளாளாக எடுத்து ஆராய்ந்தவர்கள், வெற்று மாத்திரையால் கிடைக்காத பெரும் பலன் ஏறத்தாழ 100க்கு 15 பேருக்குக் கிடைக்கிறது என்றார்கள். பதினைந்து பேர் என்பது சின்ன விஷயமில்லை. நான் மேலே சொன்ன, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் அந்தப் பதினைந்தில் ஒருவராக இருக்கலாம். ஆனால் அந்தப் பதினைந்து பேர் யார் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகவே நூறு பேருக்கும் எழுதுகிறீர்கள். நூறு பேருக்கும் பக்கவிளைவு வரலாம். நூறு பேரும் விடாமல் போட வேண்டும் என்கிறீர்கள்.

வெளிவந்த ஆய்வுகளை எந்த அளவுக்கு நம்புவது என்பது வேறு கதை. எரிக் டர்னர் 2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் எழுதிய கட்டுரையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்யப்பட்ட, சோர்வு மருந்துகள் பற்றிய 74 ஆய்வுகளில் 38 சாதகம், 36 பாதகம் அல்லது ஐயம். சாதகமானவற்றில் ஒன்று தவிர எல்லாம் அச்சேறின. மற்ற 36இல் 22 வெளியே வரவே இல்லை. 11 சாதகம்போல எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளபடி வந்தவை 3.

இனி அந்த வாக்கியம் வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். அதைப் பார்க்கும் இடத்தில் நான் இருக்கிறேன், நீங்கள் இல்லை. எங்கள் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஒரு பெண். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) புருஷன் சம்பாத்தியம் முழுக்க டாஸ்மாக்கில். குழுக்கடன் தவணைக்கு வாராவாரம் ஆள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவான். இவளுக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை, தறியில் நிற்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டரிடம் போனாள், மாத்திரை வந்தது. கெமிக்கல் குறைச்சல் என்ற சொல்லும் வந்தது. அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் புருஷன் வந்தான். "அவளுக்கு மூளையில பிரச்சினைண்ணே, டாக்டரே சொல்லிட்டாரு" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பழி போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்து அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த விளக்கம் நோயாளியின் குற்ற உணர்வைக் குறைக்கும் என்று நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதையும் சோதித்திருக்கிறது. சோர்வை அனுபவித்திருந்த மாணவர்களில் ஒரு சாராரிடம் ஒரு போலிப் பரிசோதனையைச் செய்து, உனக்கு வேதிப்பொருள் சமநிலை இல்லை என்றார்கள். அவர்கள் தங்களையே பழித்துக்கொள்வது குறையவில்லை. இனி தேறவே மாட்டோம் என்ற எண்ணம்தான் கூடியது. பேச்சு வழிச் சிகிச்சையைவிட மருந்தே கைகொடுக்கும் என்று நம்பினார்கள்.

துக்கத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். எது மனநோய் என்று வரையறுக்கும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டில், நெருங்கியவரைப் பறிகொடுத்தவரின் சோர்வை முதல் இரண்டு மாதங்களுக்கு நோயாகக் கொள்ள வேண்டாம் என்று ஒரு விலக்கு இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று ஓர் அடிக்குறிப்போடு. மிச்சம் நிற்பது, சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் நோய் என்ற அளவுகோல். நம் ஊரில் பதினாறாம் நாள் காரியமே அதற்குப் பிறகுதான் வருகிறது. சாவு வீட்டுக்கு வந்த சொந்தபந்தம் இன்னும் ஊருக்குத் திரும்பியிருக்காது. கருமாதிக்குச் சாமான் வாங்கும் பையோடு மகன் என் கடைக்கும் வந்து, அம்மாவுக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கிப் போகிறான். அழுகிறவளை ஊர் சும்மா விடாது, சுற்றி உட்கார்ந்து கூடவே அழும். அந்த ஏற்பாட்டுக்கு நாற்பது நாளாவது அவகாசம் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது வாக்கியம், விடாமப் போடணும். இதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

தொடங்கச் சொல்லி நீங்கள் எழுதிய சீட்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டேன். படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி, இந்த வாரம் இவ்வளவு, அடுத்த மாதம் இவ்வளவு என்று தேதி போட்டு எழுதிய சீட்டைப் பார்ப்பது அபூர்வம். ஆறு மாதத்துக்கென்று தொடங்கிய மாத்திரை ஆறு வருடம் ஓடுகிறது. சீட்டு மடிப்பு விட்டு நாலு துண்டாகியிருக்கும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நீட்டுவார்கள். மறுபடி டாக்டரைப் பார்த்தீர்களா என்றால், "போனா அதேதான் எழுதுவாரு, எதுக்கு வெட்டியா பஸ் காசு?" என்பார்கள். பழைய சீட்டுக்கு, சில இடங்களில் சீட்டே இல்லாமலும், எடுத்துக் கொடுக்கிற கடைகள் எங்கள் தொழிலில் உண்டு. அதை நான் மறைக்கவில்லை, அதற்கு எங்கள் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் முடிவுத் தேதி இல்லாத சீட்டு உங்கள் பேனாவிலிருந்து வந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் அட்டை தீர்ந்துபோகும். கையில் காசு இருக்காது, அல்லது கோயில் திருவிழாவில் மறந்துபோகும். மூன்றாம் நாள் ஆள் வருவார். "தலைக்குள்ள சுள்ளுனு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குண்ணே. தல சுத்துது, கோவம் கோவமா வருது." வீட்டில் என்ன சொல்வார்கள்? "பாத்தியா, வியாதி உள்ளுக்குள்ளயே இருக்கு. மாத்திரய விட்டதும் தலைகாட்டுது." அவரும் நம்பிவிடுவார். நோய் திரும்புவதற்குப் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ ஆகும். மின்சாரம் அடிப்பதுபோன்ற உணர்வு சோர்வு நோயின் அறிகுறியே அல்ல. மருந்தை விட்டதால் வருவது நாட்களில் வரும், மருந்தை மறுபடி போட்டால் சட்டென்று அடங்கும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால், எத்தனை பேர் தங்களை ஆயுள் நோயாளி என்று நினைத்துக்கொண்டு திரிய மாட்டார்கள்!

பிரிட்டனில், மருந்தை நிறுத்தும்போது வரும் தொந்தரவு லேசானது, ஒரு வாரத்தில் தானே போய்விடும் என்றுதான் நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். நோயாளிகள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2019இல் ராயல் மனநல மருத்துவக் கல்லூரி தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது. சிலருக்குக் கடுமையாகவும் நெடுநாளும் இருக்கும் என்று ஒத்துக்கொண்டது. எத்தனை பேருக்கு என்பதில் சண்டை தீரவில்லை. 2024இல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த தொகுப்பாய்வு, மருந்தினால் மட்டும் வரும் நிறுத்தத் தொந்தரவு ஆறேழு பேரில் ஒருவருக்கு என்றும், கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு என்றும் கணித்தது. அதில் சேர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொஞ்ச காலமே மருந்து சாப்பிட்டவர்கள்தான் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஆறு வருடச் சீட்டுகளைத் தினம் பார்க்கிற எனக்கு அந்த வாதம் பொருட்படுத்தத் தக்கதாகவே படுகிறது.

எப்படிக் குறைப்பது என்பதில் எங்கள் மருந்தியல் பாடமே கைகொடுக்கும். 10 மில்லிகிராமைப் பாதியாக்கினால் மருந்தின் வேலையும் பாதியாகிவிடாது. எஸ்சிட்டலோபிராமின் நெருங்கிய உறவான சிட்டலோபிராமை வைத்து ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் காட்டினார்கள்: 20 மில்லிகிராமில், செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் கடத்திகள் 80 விழுக்காடு அடைபடுகின்றன. 5 மில்லிகிராம் பக்கம் வந்தபிறகும் 60 விழுக்காடு அடைபட்டே இருக்கின்றன. அங்கிருந்து பூஜ்யத்துக்குக் குதித்தால் அதுதான் பெரிய பள்ளம். ஆகவே கீழே போகப்போக அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். என் அலமாரியில் எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமுக்குக் கீழே மாத்திரை கிடையாது. நெதர்லாந்தில் ஒவ்வொரு நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு குறைந்துகொண்டே வரும் பொட்டலங்களைச் சுருளாகக் கட்டித் தருகிறார்கள். உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்புகிற நாடு இது. 1 மில்லிகிராம் மாத்திரை செய்யத் தெரியாமலா இருக்கிறோம்? யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை. நீங்கள் எழுதினால் கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதமே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கூட்டு மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் 10, குளோனசெபாம் 0.5, இரண்டும் ஒரே வில்லையில். முதல் சில வாரம் பதற்றத்தை அடக்கவும் தூக்கத்துக்கும் குளோனசெபாம் சேர்ப்பது உண்டு, புரிகிறது. சில வாரத்தில் அதை நிறுத்தியாக வேண்டும், நாள்பட்டால் உடம்பு அதற்கு அடிமையாகும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வில்லையில் இருக்கும்போது ஒன்றை நிறுத்தி ஒன்றைத் தொடர்வது எப்படி? எழுபது வயதுப் பாட்டி இதைப் போட்டுக்கொண்டு ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுக்கி விழுகிறாள். கூடவே பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், பேச்சு தடுமாறும், வீட்டில் வயசாயிருச்சு என்பார்கள். தனித்தனியாக எழுதுங்கள் டாக்டர். இரண்டு அட்டை வாங்குவதில் கொஞ்சம் காசு கூடும், அவ்வளவுதான். ஜன் ஔஷதியில் வாங்கினால் அந்தக் கூடுதல் செலவும் இருக்காது.

கல்லூரிப் பையன்களுக்கு, நீட் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு எழுதும்போது இன்னொன்று. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த மருந்துகளால் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்காவில் 2004இல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் போடும் ஆகக் கடுமையான எச்சரிக்கை, போட்டார்கள். 2007இல் அதை 24 வயது வரை நீட்டினார்கள். முதல் சில வாரம் பிள்ளையைக் கண்ணிலேயே வைத்திருங்கள் என்று பெற்றோரிடம் யாராவது சொன்னார்களா என்று நான் கேட்டுப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் விழிக்கிறார்கள்.

எல்லாரும் நிறுத்திவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. 2021இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், பல காலம் மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 39 விழுக்காட்டினருக்கு. நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு. வித்தியாசம் உண்மை. தொடர்ந்தும் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் 44 விழுக்காடு இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இந்த எண்களை நோயாளியின் முன்னால் வைத்து, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்கலாமே. நம் மக்கள் ஏலச்சீட்டுத் தள்ளுபடியை விரல்விட்டுக் கணக்குப் போடுகிறவர்கள். இதுவா புரியாது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 22ஆவது பிரிவு, நோயின் தன்மை, உத்தேசித்த சிகிச்சை, தெரிந்த பக்கவிளைவுகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்த மொழி இங்கே தமிழ். "உங்களுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. வாழ்க்கையில நடந்ததும் காரணமா இருக்கலாம், உடம்பும் காரணமா இருக்கலாம். இந்த மாத்திரை சிலருக்கு நல்லா கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேட்டா இத்தன மாசம் போடுவோம், அப்புறம் மெதுவா கொறைப்போம்." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். கெமிக்கல் கதை சொல்ல ஆகும் நேரம்தான்.

நேரம் இல்லை என்பீர்கள். தெரியும். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. புறநோயாளிப் பிரிவில் நீங்கள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கோவாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு அமைப்பும் செய்த வேலை 2017இல் லான்செட்டில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, சோர்வு நன்றாகவே முற்றிய 495 பேர். ஒரு சாராருக்கு மனநலப் படிப்பு எதுவும் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்களே ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். பேச்சென்றால் வெறும் ஆறுதல் அல்ல. எதை விட்டுவிட்டாய், எதை மறுபடி தொடங்கலாம், கடன்காரனை எப்படிச் சமாளிக்கலாம் என்று வாழ்க்கையையே எடுத்து வைத்துப் பேசுவது. மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 விழுக்காடு. அதே கோவாவில் 2003இல் படேல் வெளியிட்ட முந்தைய ஆய்வில் இரண்டாம் மாதத்தில் ஃபுளுவாக்ஸெட்டின்தான் வெற்று மாத்திரையை முந்தியது, பேச்சுச் சிகிச்சை முந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றுப்போன முறையைத் திருத்தித் திருத்தித்தான் அவர்கள் அடுத்ததைக் கண்டுபிடித்தார்கள்.

நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் குடிக்கிறார், எந்த வீட்டில் யார் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுங்கள் என்று நான் கேட்டால் அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளாது. நீங்கள் சேர்ந்து கேட்டால் கேட்கும்.

அதுவரைக்கும் சீட்டில் ஒரு வரி சேருங்கள். மாத்திரையின் பெயருக்குக் கீழே, தமிழில், எந்த மாதம் வரைக்கும், திரும்ப எப்போது பார்க்க வேண்டும், எப்படிக் குறைக்க வேண்டும் என்று. அந்தத் தேதி தாண்டி யாராவது பழைய சீட்டை நீட்டினால், "டாக்டர் இத்தோட வந்து பாக்கச் சொல்லியிருக்காரு" என்று திருப்பி அனுப்ப எனக்கும் ஒரு பிடி கிடைக்கும். இப்போது என் கையில் ஒன்றும் இல்லை.

உங்களில் யாராவது ஒருவர் எங்கள் வட்டார மருந்தாளுநர்களிடம் இது பற்றி ஒரு மணி நேரம் பேச முன்வந்தால், ஆட்களைக் கூட்டும் பொறுப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடைகள் மூடித்தான் இருக்கும். கெமிக்கல் குறைச்சலை மெய்ப்பிக்கிற ஆய்வு உங்களிடம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.

இப்படிக்கு,
தாலுகா ஆஸ்பத்திரி எதிரில் கடை வைத்திருக்கும் ஒரு மருந்தாளுநன்